என் இடது முழங்கையைப் பிடித்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஆள். பதினொரு வருடமாகக் கிளேட்டனில் இரத்த மாதிரிகளை இயந்திரத்தில் வைத்து முடிவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது பேய்க்கதை எடுத்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடுகிறவள். த பேசினில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போவேன்தான், ஆனால் அது வேறு, இது வேறு. ஆகவே நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் காதுக்குள் ஏதோ வைரஸ் புகுந்து, உடம்பின் சமநிலையைப் பார்க்கிற நரம்பைக் கெடுத்துவிட்டது. ஒரு நாள் காலை கட்டிலை விட்டு எழும்பினேன், அறை சுற்றியது, விழுந்தேன். சில மாதங்களில் நரம்பு தேறிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். நரம்பு தேறியது, நான் தேறவில்லை. சுவரைப் பிடிக்காமல் குசினிக்குப் போகமாட்டேன். தலையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் உலகம் கவிழும். கார் ஓட்டுவதை விட்டேன், வேலையைப் பாதியாகக் குறைத்தேன், மகள் அபிராவின் நீச்சல் போட்டி, பாடசாலை நாடகம் ஒன்றுக்கும் போகவில்லை. இரண்டு வருடம் இப்படியே போக, அவள் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். விழுந்ததைவிட அதுதான் வலித்தது.

அவளுடைய பதின்மூன்றாவது பிறந்தநாள் யூலை விடுமுறையில் வந்தது, இங்கே அது குளிர்காலம். என்ன வேண்டும் என்று என் கணவர் கேதீஸ் கேட்டார். நகரத்துப் பூங்காவில் குளிர்காலத்துக்கு மட்டும் போடுகிற ஐஸ் ரிங்கில் சறுக்கப் போகவேண்டும், அம்மாவும் ஐஸில் இறங்கவேண்டும் என்றாள்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? அம்மா வெறும் நிலத்திலையே நடக்க ஏலாமல் இருக்கிறா" என்றார் அவர்.

"ஒரே ஒரு ரவுண்ட், அப்பா. ப்ளீஸ்."

அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மையைக் கேட்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் இறங்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், ஒரே சனம். வாடகைக்கு எடுத்த ஸ்கேட்டிங் சப்பாத்தின் நாடாவைக் கேதீஸ் குந்தியிருந்து கட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகள் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பென்குயின் மாதிரி பிளாஸ்டிக் உருவங்கள் வைத்திருந்தார்கள். வெட்கத்தை விட்டு எனக்கும் ஒன்று கேட்டேன். அங்கு நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, அது ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அபிரா பக்கத்திலேயே நின்றாள். பாவமாக இருந்தது. "நீ ஒரு சுத்து போட்டு வா, நான் இதிலை நிக்கிறன்" என்று அனுப்பினேன். அவள் போன கையோடு நாலைந்து பொடியள் ஒருவரை ஒருவர் பிடித்தபடி கம்பியோரமாகச் சறுக்கிக்கொண்டு வர, நான் பயத்தில் கம்பியை விட்டுவிட்டேன். கால் தானாக வழுக்கியது. பார்த்தால் கம்பி எட்டாத தூரத்தில் இருக்கிறது. தலையை அசைக்காமல் ஒரே இடத்தைப் பார் என்று எனக்குச் சமநிலைப் பயிற்சி தந்தவர் சொல்லியிருந்தார். எதிரே நின்ற மொட்டை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது யாரோ என் இடது முழங்கையைப் பிடித்தார்கள்.

விழப்போகிறவளைத் தாங்குகிற பிடி இல்லை அது. கடைத்தெருவில் கதைத்துக்கொண்டு கூட நடக்கிறவர் பிடிப்பாரே, அந்த மாதிரி. தடித்த கோட்டுக்கு மேலாலும் ஐந்து விரலும் தெரிந்தன, சூடாக இருந்தன. அபிராதான் என்று நினைத்தேன். நகரத் தொடங்கினோம். நம்பினால் நம்புங்கள், வளைவில் என் உடம்பு தானாகச் சாய்ந்து கொடுத்தது. முகத்தில் குளிர்காற்று அடித்தது. ஒரு சுற்று முடிந்து இரண்டாவது வளைவைத் தாண்டினால், எனக்கு நேர் எதிரே அபிரா நிற்கிறாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

அப்படியென்றால் என்னைப் பிடித்திருப்பது யார்?

பார்ப்பதென்றால் தலையைத் திருப்பவேண்டும். துணிவு வரவில்லை. உண்மையைச் சொன்னால், திருப்பவும் விருப்பம் வரவில்லை, ஏனென்றால் இரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்குப் பயமில்லாமல் இருந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நான் நிற்கவில்லை. அரைச் சுற்று, முழுசாக அரைச் சுற்று, தனியே போனேன்!

"அம்மா! யூ ஆர் டூயிங் இட்!" என்று கத்திக்கொண்டு அபிரா பறந்து வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் தடாரென்று விழுந்தேன். அவள் கையை நீட்டினாள். "பிடிக்காதை, நானே எழும்புறன்" என்றேன். எழும்பினேன். கம்பிக்கு வெளியே நின்ற யாரோ வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகு அவளோடு இன்னும் மூன்று சுற்று. திரும்பும்போது பூங்கா முழுவதையும் யாரையும் பிடிக்காமல் நடந்து கடந்தேன், கேதீஸ் பின்னால் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்க்காத மாதிரி நடந்தேன். இரண்டு கிழமையில் கார் ஓட்டினேன். அடுத்த மாதம் முழுநேர வேலை. அந்த வருட நாடகத்தில் அபிராவுக்கு இரண்டே வசனம், நான் முதல் வரிசையில் இருந்தேன். இதையெல்லாம் யாரும் என்னிடமிருந்து பறிக்கமுடியாது.

ஆனால் கேதீஸ் வெளியே நின்று எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தார். அன்று பின்னேரம் கேக் வெட்டிய கையோடு அதை டிவியில் போட்டார்.

நான் தனியாகத்தான் போகிறேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"இஞ்ச பாரும், உம்மட கோட்டுக் கை ஏன் இப்பிடி அமுங்கிக் கிடக்கு?" என்றார். இடது முழங்கையில் துணி உள்ளே குழிந்திருந்தது, சுற்று முழுவதும். காற்றாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். இருக்கலாம்.

"ஆரோட கதைக்கிறீங்கள், அம்மா?" என்றாள் அபிரா.

நான் வாயே திறக்காமல், தலையை அசைக்காமல் நேரே முன்னால் பார்த்தபடிதான் போனேன். அது எனக்கு நிச்சயம். வீடியோவில் நான் இடப்பக்கம் திரும்புகிறேன், என்னைவிட உயரமான ஒருவரைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்க்கிறேன். வாய் ஓயாமல் கதைக்கிறேன், கேட்கிறேன், தலையாட்டுகிறேன், சிரிக்கிறேன். நெடுநாள் பழகினவர்களோடு மட்டும் சிரிக்கிற சிரிப்பு. விரல்கள் விட்ட அந்த இடத்தில் கடைசியாக ஏதோ சொல்கிறேன். சத்தம் கேட்கவில்லை, ரிங்கின் பாட்டுத்தான் கேட்கிறது. கேதீஸ் அதை மெதுவாக ஓடவிட்டு என் வாயசைவை மூன்று தரம் பார்த்தார். பிறகு டிவியை நிறுத்தினார்.

"'ஓம், வாறன்' எண்டெல்லே சொல்லுறீர்" என்றார்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.