லாரியோடு போன டம்ளர்கள்

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும். காலையில் எர்ணாவூரில் நின்ற வண்டி மாலைக்குள் திருவொற்றியூரைத் தாண்டினால் அதிர்ஷ்டம். அந்த வரிசைதான் எங்களுக்குச் சோறு போட்டது. என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் டீ போடுவார். நான் ஒவ்வொரு வண்டிக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். டிரைவர்கள் இறங்க மாட்டார்கள். மெல்லிசு பிளாஸ்டிக் கவரில் டீயை ஊற்றி, நூலால் வாயைக் கட்டி, கப்போடு மேலே நீட்டிவிடுவேன். அவர்கள் வீசும் கவர் கால்வாயை அடைத்து, மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் எங்கள் வாசலுக்கே வரும். அதைத் திட்டிக்கொண்டேதான் மறுநாளும் கவர் வாங்குவோம்.

அந்தக் கவரும் கப்பும் கூடாதென்று சட்டம் வந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கட்டோடு அள்ளினார்கள். "இன்னொரு தபா பார்த்தேன், அடுப்பையே தூக்கினு பூடுவேன்" என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் பேசாமல் தலையாட்டினார். அவர் வாய் மூடியிருந்தால் ஏதோ வில்லங்கமாக யோசிக்கிறார் என்று அர்த்தம். அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் ரேஷன் கடையில் கெரசின் வாங்கிக்கொண்டு திரும்பினால், ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் கையில் என் எவர்சில்வர் டம்ளர். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தவை. நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்து, வண்ணாரப்பேட்டைக் கடையில் சீட்டுக் கட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் என் பெயரை வெட்டவைத்திருந்தாள். அவள் போன பிறகு அவற்றை நான் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை.

"யோவ், யாரைக் கேட்டு எடுத்தே?"

"கண்ணாடி கிளாஸ் குடுத்தா ஒடைச்சிருவானுங்கமே. வண்டி எங்க பூடப்போவுது? அங்கியேதான நின்னுகினு கீது" என்றார்.

வண்டி போனது. எந்த நாளும் நகராத வரிசை அன்றைக்கென்று விறுவிறுவென்று நகர்ந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். ஹாரன் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா இன்னொரு முறை செத்ததுபோல் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம், துறைமுகத்திலிருந்து காலியாகத் திரும்பிய லாரி ஒன்று எதிர்ப்பக்கம் நின்றது. நாமக்கல் டிரைவர் ஒருவர் துண்டில் கட்டிய மூட்டையோடு சாலையைக் கடந்து வந்தார்.

"ஏனுங்கக்கா, ஹார்பர் கேட்டுல எல்லார்த்துகிட்டயும் வாங்கிட்டு வந்துட்டனுங்க. பேரு வெட்டின சாமானாச்சுங்களே" என்றார்.

மூட்டையை அவிழ்த்தேன். எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தார். எண்ணிப் பார்த்ததும் அப்பாடா என்று நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. ஒன்றுகூடக் குறையவில்லை. மாறாக ஒன்று அதிகமாகவே இருந்தது. அதில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

அவர் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஐயோ, இது எங்கம்மாவுதுங்க. கழுவறப்ப சேர்ந்துருச்சாட்ட இருக்குது."

"என்னுதை எடுத்தாந்து குடுத்துட்டு உன்னுத வுட்டுட்டுப் போவப் பாத்தியே தம்பி, அறிவு கீதா உனக்கு?" என்று அவரையும் ஒரு மூச்சு திட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த டம்ளரிலேயே டீ ஊற்றிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து, சொந்த டம்ளரை நீட்டாத டிரைவருக்கு என் கையால் டீ கிடையாது.