செம்பட்டியில் கேட்ட ஹார்ட்ஸ்டைல்

செம்பட்டியில் பஸ் நிற்கிறது. எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் போனில் டமடமவென்று ஒரு டான்ஸ் இசையை வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

"ஹார்ட்ஸ்டைல்னா மெலடி வேணும்டி. இது மிக்ஸிக்குள்ள கரண்டி விழுந்த மாதிரி இருக்கு."

"போடி, நெஞ்சுல வந்து குத்துதுல்ல, அந்த அடிதான் கெத்து!"

அந்த அடி எனக்குத் தெரியும். என் மகன் வீட்டில் இதைத்தான் வைப்பான். ஜெபமாலை நேரத்தில் மாதா படத்துக் கண்ணாடி அதிரும். திட்டித்தான் நிறுத்துவேன். அவன் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம். இப்போதெல்லாம் ஜெபமாலை தடங்கலில்லாமல் முடிந்துவிடுகிறது.

ஒருத்தி திரும்பிப் பார்த்து, "சாரி ஆன்ட்டி, நிறுத்திர்றோம்" என்கிறாள்.

"நிறுத்தாத தாயி. செத்த கூட்டி வையி."

கூட்டுகிறாள். ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துப் பார்க்கிறேன். அதிரவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்கிறேன்.