மாசி அமாவாசையில் எடுத்த படம்

திருநகர் சத்யப்ரியாவுக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் எலும்பைப் பார்க்கிறவர், அமாவாசை வந்தால் சின்னத் தொலைநோக்கியையும் கணவர் அழகுபாண்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் படமெடுப்பது தூசியை. வானத்தில் சில இடங்களில் தூசி மேகமாக நிற்கிறது. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் பட்டு லேசாக நீலம் காட்டும். கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்து, எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் தலைகாட்டும்.

போன மாசி அமாவாசைக்கு மேலூர் தாண்டி, கதிர் அறுத்த வயலோரம் காரை நிறுத்தினார்கள். இருட்டியதும் கேமரா ஓடத் தொடங்கியது. வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும் என்று காரின் விளக்குகளை அணைத்து, லேப்டாப் திரையில் சிவப்புத் தாளை ஒட்டியிருந்தார். அழகுபாண்டி பின்சீட்டில் தூங்கிப்போனார்.

சத்யப்ரியா வரப்போரம் ஒதுங்கப் போயிருந்தபோது டார்ச் வெளிச்சங்கள் வந்தன. நாலைந்து பேர். கையில் கம்பு. சத்யப்ரியா வரப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டார். கார்க் கதவைத் திறந்து அழகுபாண்டியை இழுத்துத் தரையில் போட்டார்கள். அடி விழும் சத்தம் கேட்டது.

போனை எடுத்தால் வெளிச்சம் தெரியும். ஓடினால் சத்தம் கேட்கும். "அண்ணே, அண்ணே" என்று கணவர் கெஞ்சுவதைக் கேட்டபடி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று இன்றும் அவருக்குச் சொல்லத் தெரியாது. பிறகு எப்படியோ எழுந்து ஓடினார்.

"அடிக்காதீங்கண்ணே! போட்டோ எடுக்க வந்தோம்!"

டார்ச் அத்தனையும் அவர் முகத்தில் விழுந்தது.

"பொம்பளையக் கூட்டிட்டு வந்தா சந்தேகப்பட மாட்டோம்னு நெனச்சீகளா?" என்றான் முன்னால் நின்ற இளைஞன். "போன வாரமும் இப்படித்தான் கார்ல லைட்ட அமத்திப்புட்டு வந்து ஆடுகளத் தூக்கிட்டுப் போனாய்ங்க."

வயலுக்கு அந்தப் பக்கம் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருப்பது சத்யப்ரியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாங்க வானத்தத்தான் எடுக்குறோம்ணே."

"எங்க, காட்டு."

லேப்டாப்பில் ஒட்டிய தாளைப் பிய்த்தெறிந்து கடைசியாக எடுத்த படத்தைக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது. அங்கங்கே வெள்ளைப் புள்ளி.

"இதுல என்ன இருக்கு?"

"தூசி இருக்குண்ணே. ஒரு படத்துல தெரியாது. எல்லாத்தையும் சேத்தாத்தான்..." சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"கதையா விடுற?" கம்பு உயர்ந்தது. அழகுபாண்டி இரு கையாலும் தலையை மறைத்துக்கொண்டார்.

"இருடா கருப்பு." பின்னாலிருந்து ஒரு பெண் வந்தார். கிடைக்குச் சொந்தக்காரர், முத்துமீனா. "டிக்கியத் தெற தாயி."

சத்யப்ரியா திறந்தார். முத்துமீனா தலையை உள்ளே விட்டு மோந்தார். விரிப்பைத் தூக்கி அடியிலும் மோந்தார்.

"ஆட்டு வாடையே இல்லடா. களவாணி வண்டின்னா எம்புட்டுக் கழுவினாலும் போகாது."

கருப்பு கம்பைக் கீழே போட்டுவிட்டு அழகுபாண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

"நாங்களும் பயந்துதான் வந்தோம் தாயி," என்றார் முத்துமீனா. "கண்ண மூடித் தூங்கி எம்புட்டு நாளாச்சு."

அழகுபாண்டிக்கு உதடு கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து மருந்து வைக்கும்போது சத்யப்ரியா சொன்னார்: "நான் அங்கயேதாங்க இருந்தேன். உங்கள அடிக்கிறது கேட்டுச்சு. உடனே வர முடியல."

"அதான் நீ வந்துட்டேல்ல," என்றார் அவர்.

சில நாள் கழித்துப் படங்களைச் சேர்த்தார். டார்ச் வெளிச்சம் விழுந்தவற்றை நீக்கினார். மிச்சத்தில் அந்தத் தூசி புகைபோல, நீலமாக, மெல்ல வந்தது. பார்த்துக்கொண்டே அழுதார்.

பங்குனி அமாவாசையன்று, முன்கூட்டியே சொல்லிவைக்கலாம் என்று பகலிலேயே முத்துமீனாவைத் தேடிப் போனார்கள். கிடை வேறு ஊருக்கு நகர்ந்திருந்தது. டீக்கடையில் மட்டும் சொல்லிவிட்டு வந்து, இரவானதும் கேமராவை ஓடவிட்டார்கள். எங்கோ பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருட்டில் சத்யப்ரியாவின் கை கணவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.