கையை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போனது. வண்ண விளக்கு கட்டிய பேட்டரி வண்டி, அதன்மேல் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, அதில் மாப்பிள்ளை. மேளக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் பார்த்தால் வண்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மல்லிகை வாசம் மட்டும் தனியாக வந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவள் கூட்டத்தின் கடைசியில், குழந்தைகளுக்கும் பின்னால் நடந்து வந்தாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

கல்யாண மல்லிகை என்றால் அதோடு சூடான ஆயில் வாசமும் சேர்ந்தே வர வேண்டும் என்று என் மூக்கு பழகிவிட்டது. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் விட்டுப்போன சீமை மோட்டார் சைக்கிள்.

அவர் கடலூர் முதுநகரில் லாஞ்ச் படகுகளில் இஞ்சின் வேலை பார்த்தவர். துறைமுகத்தில் இருந்த ஓர் அதிகாரி ஊரை விட்டுப் போகும்போது அந்த வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் செய்தது. ஒற்றை சிலிண்டர், எருமைக் கனம். நம்பி ஏற முடியாத வண்டி என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்வார்கள். நான் ஒப்புக்கொண்டதே இல்லை. அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் ஒழுங்காக ஓடும். கேட்காதவன் காலைத்தான் உடைக்கும்.

அதன் இடது கைப்பிடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு லீவர் உண்டு. இஞ்சினுக்குள் நெருப்புப் பொறி சீக்கிரம் விழுவதும் தாமதமாக விழுவதும் அதில்தான். வேகமாகப் போகச் சீக்கிரம் விழ வேண்டும். உதைத்துக் கிளப்பும்போதும், மெதுவாகப் போகும்போதும் தாமதமாக விழ வேண்டும். ஒருநாள் அதை மாற்றி வைக்க மறந்து உதைத்துவிட்டார். கிக்கர் திருப்பி அடித்ததில் கால் வீங்கி ஒரு வாரம் படுக்கை. அதற்குப் பிறகு லீவரை அவரிடம் விட எனக்கு மனசில்லை. காலையில் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து நான் பிடித்துக்கொள்வேன், அவர் உதைப்பார்.

"வெள்ளைக்காரன் இந்த வண்டியோட ஒரு பொண்டாட்டியையும் சேத்துக் குடுத்திருக்கணும்" என்பார்.

"குடுத்திருந்தா அவளும் உங்க காலத்தான் ஒடச்சிருப்பா" என்பேன்.

லீவர் பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை. இஞ்சின் திணறினாலும் சூடேறினாலும் உள்ளங்கையில் தெரிந்துவிடும்.

சுனாமிக்கு மறு வருஷம் அவர் போய்விட்டார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து மகனுக்குச் சிதம்பரத்தில் பெண் எடுத்தோம். அப்பா வண்டியில்தான் மண்டபத்துக்கு வருவேன் என்று ஒரே பிடியாக நின்றான். பெண்ணின் தாய்மாமனுக்குப் பிடிக்கவில்லை.

"பேரீச்சம்பழத்துக்குப் போடற வண்டில மாப்ள வர்றாரா? வழில நின்னா சகுனம் சரியில்லன்னு ஊரே பேசும், சம்மந்திம்மா."

"நிக்காது" என்றேன்.

சொல்லிவிட்டு அன்றைக்கே மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினேன். முதுநகர் மெக்கானிக் பாய் வந்து, ஊர்வல நடைக்குத் தக்கபடி கார்புரேட்டரைச் சரிபண்ணிக் கொடுத்தார். "தம்பி, இந்த நடைக்கு லீவர ஒரே எடத்துல வுட்டா சூடு ஜாஸ்தியாவும். அப்பப்போ தள்ளி, திருப்பி இழுக்கணும்."

"எப்ப தள்றது பாய்?" என்றான் மகன்.

"அது சொல்லும், கேளு."

நாயனச் சத்தத்தில் மாப்பிள்ளை காதில் எது விழும்? நான் பக்கத்தில் நடந்தால் தீர்ந்தது. ஆனால் ஊர்வலம் கிளம்பிய கோயில் வாசலிலேயே என் ஓரகத்தி சொல்லிவிட்டாள்: "இன்னிக்கி ஒரு நாள் பின்னாலயே வாடி. நல்ல காரியம்." பிள்ளை கல்யாணத்தில் எதற்கு வம்பு என்று பின்னால் போய்விட்டேன்.

தெற்கு வீதி தாண்டி மேல வீதியில் திரும்பும்போது சத்தம் கனத்தது. சூட்டு வாசம் எனக்கு வந்துவிட்டது, வண்டிமேல் இருந்தவனுக்கு வரவில்லை. இன்னும் நாலு அடி. நின்றுவிட்டது. நாயனமும் நின்றது. பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு, மாலை குலுங்க உதைக்கிறான், உதைக்கிறான்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று தாய்மாமன் குரல்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். ஓரகத்தி முந்தானையைப் பிடித்தாள். "எங்கடி போற?"

"வண்டி நிக்குது. நானும் நின்னா எப்படி?"

பெட்ரோலை மூடச் சொன்னேன். வெற்றிலை மடிக்கும் நேரம் ஆற விட்டேன். தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்கட்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி, உள்ளே தேங்கிய பெட்ரோல் போகச் சும்மா இரண்டு உதை. பிறகு பெட்ரோலைத் திறந்து லீவரில் கை வைத்தேன். "இப்ப ஒதைடா."

ஒரே உதை. நாயனக்காரர் சிரித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து எடுத்தார். நான் கையை எடுக்கவில்லை. தள்ளுவதும் இழுப்பதுமாக மகன் பக்கத்திலேயே மண்டபம் வரை நடந்தேன்.

வாசலில் சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "கொஞ்சம் ஒதுங்கிக்கிங்க" என்றார் தாய்மாமன்.

"கைய எடுத்தா நின்னுடும்" என்றேன்.

வாசல் வரை வந்த வண்டி நின்றால் அவர் சொன்ன அதே சகுனம்தானே? அவரே ஒதுங்கி வழிவிட்டார். சம்பந்தியம்மா தட்டை உயர்த்தினாள். "நீங்களும் அப்படியே நில்லுங்க அண்ணி. சேத்தே சுத்திடறேன்." ஆரத்தி என் மகனையும் வண்டியையும் என்னையும் சேர்த்துச் சுற்றியது.

கையை எடுத்திருந்தால் நின்றிருக்காது. அந்த நேரம் அது தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தது. என் உள்ளங்கைக்கு அது நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் வண்டியைக் கேட்டு வந்தார்கள். வண்டி போனால் நானும் போக வேண்டும். பெண்ணாடம், திட்டக்குடி என்று எத்தனையோ வீதிகளில் முன்னால் நடந்தேன். என் நெற்றியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 'தானே' புயல் அடித்தபோது கொட்டகை சரிந்து, பொறி கொடுக்கும் மேக்னெட்டோவில் தண்ணீர் இறங்கியது. வேறு ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்து விலை பேசி வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். மகன் இப்போது வைத்திருக்கும் வண்டி பொத்தானை அழுத்தினால் கிளம்பும். நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் அந்தப் பேட்டரி வண்டி வாசலைக் கடந்தபோது படி இறங்கி, கிட்டப் போய்ப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் வந்த மாப்பிள்ளையின் அம்மாவைக் கூட்டிவந்து வண்டி பக்கத்தில் நிறுத்தலாம் என்று எண்ணம். எதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினேன். விளக்கும் பிளாஸ்டிக் பூவும்தான் இருந்தன.