இருட்டுமுன் ஒரு சோடி சப்பாத்து

ஒக்டோபர் கடைசி ஞாயிறு இத்தாலிக்காரன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவான். அன்றிலிருந்து றோசமலருக்கு ஒரே பயம். பலெர்மோ ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அவளோ தான் வேலைபார்க்கிற சின்யோரா அம்மாவின் வீட்டில் இரவுச் சாப்பாட்டைச் சமைத்து மூடிவைத்துவிட்டு, பஸ் பிடித்து ஒரேத்தோவில் உள்ள தன் வீட்டுக்கு வந்துசேர ஏழு மணியாகும். இருட்டில் பூட்டிக் கிடக்கிற வீடு, கள்ளனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற வீடு என்பது அவள் கட்சி.

அதனால் வேலைக்குப் போகுமுன் விறாந்தை விளக்கைப் போட்டுவிடுவாள். தெருப்பக்க யன்னல்களுக்கு உருட்டுக் கதவை இறக்குவாள். வீட்டு வாசலிலோ எந்நேரமும் ஆம்பிளைச் சப்பாத்து ஒரு சோடி இருக்கும். கறுப்பு, நாற்பத்துமூன்றாம் இலக்கம். அவள் புருசன் ஸ்ரீபனுடையது. ஸ்ரீபன் இறந்து ஆறு வருசம். அது தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தை விட்டுப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களிடமும், எரிவாயு மீற்றர் பார்க்க வருகிறவனிடமும், "மனுசன் நித்திரை" என்பதுதான் அவள் பேச்சு. தான் தனியாள் என்பது ஒரு காக்கை குருவிக்கும் தெரியக்கூடாது. அது தெரிந்த வீட்டில் தன்னால் ஒரு இரவுகூடக் கண்மூட முடியாது என்று அவள் நம்பினாள்.

சப்பாத்து வைக்கிற வழக்கம் அவள் கண்டுபிடித்ததல்ல. இருபது வருசத்துக்கு முன் அந்தப் படிக்கட்டு முழுக்கத் தமிழ்ச் சத்தம். மன்னாரிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்த ஏழு குடும்பங்கள். ஒரு மார்கழி மாதம், எல்லாரும் நத்தார்ப் பண்டிகை நவநாள் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்த பொழுது, மூன்று வீடுகள் உடைபட்டன. அயல்வீட்டு அற்புதமலரின் தாலிக்கொடியும் போயிற்று. கள்ளன் பிடிபட்ட பிறகு பொலிஸ்காரர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: இத்தாலியர் வீடுகளில் ஆள் இருக்கிறதா என்று அவன் கதவில் காது வைத்துக் கேட்க வேண்டுமாம், இவர்கள் வீட்டுக்கு அந்தச் சிரமமே இல்லையாம். வெளியே சப்பாத்துக் கிடந்தால் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. கழற்றிவிட்டு உள்ளே போகிற நம் சுத்தபத்தத்தை அவன் பாடமாக்கி வைத்திருந்தான்.

மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஸ்ரீபன் பல்லரோ சந்தைக்குப் போய் ஒரு சாக்கு நிறையப் பழைய சப்பாத்து வாங்கி வந்தார். அப்போது மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் அவருக்குக் கோடையில்தான் வேலை; மாரி மாலைகளில் வீட்டில்தான் இருப்பார். இருட்டுப்படத் தொடங்கியதும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி இறங்கி, ஆளில்லாத வாசலெல்லாம் சப்பாத்து வைப்பார். கலியாணம் முடிக்காத கிளறாவின் வாசலில் நாற்பத்தைந்தாம் இலக்க பூட்ஸ் ஒன்றை வைத்துவிட்டார் பாருங்கள், மாப்பிள்ளை யாரென்று கோயில் முழுக்க ஒரு மாதம் அதே கதை. கிளறா அவரோடு கோபம். ஆனால் பூட்ஸை எடுக்கச் சொல்லவில்லை. மீன்குழம்பு மணமும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது அந்தப் படிக்கட்டு. இத்தாலியக் கடவுச்சீட்டுக் கையில் கிடைத்ததும் ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்குப் போயிற்று. அவளும் ஒரு சோடிச் சப்பாத்தும் மிச்சம்.

புரட்டாதியில் எதிர்வீட்டுக்கு வள்ளி வந்தாள். தமிழ்நாட்டுப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. அவளுக்கும் அதே "நித்திரை"தான் சொல்லப்பட்டது. மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை, கேசரித் தட்டோடு வந்து நின்ற வள்ளி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் வந்ததுலேருந்து சாரோட ஷூ அசையவே இல்ல. உள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு. எனக்கே தெரியுதுன்னா, திருடனுக்குத் தெரியாதா?"

றோசமலருக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. அந்தச் சப்பாத்தைத் தூசு தட்டக்கூட அவளுக்கு மனம் வந்ததில்லை. தொட்டால் உடைந்து அழுதுவிடுவோமோ என்று பயம்.

"அவர் போய் ஆறு வருசம் பிள்ளை," என்றாள். "ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும்."

வள்ளி ஆறுதல் வார்த்தைகளை அடுக்கவில்லை. தான் நாலு மணிக்கே வீடு திரும்புவதாகவும், தினமும் சப்பாத்தைத் துடைத்து, யாரோ போட்டுக்கொண்டு போய்வந்த மாதிரி மாற்றி வைப்பதாகவும் சொன்னாள். றோசமலர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஓம், செய்யும்" என்றாள்.

மறுநாள் நல்ல மழை. பஸ் பிந்தியது. நனைந்த குடையோடு, மூட்டு வலிக்க வலிக்க, மூன்றாம் மாடி திரும்பியவள் அப்படியே நின்றாள். சப்பாத்து தூசு போய்க் கறுகறுவென்று மினுங்கியது. ஒன்று சரிந்து கிடந்தது. அதன்மேல் மற்றதன் குதி ஏறியிருந்தது. நுனியில் மழைத்துளி. வேலை முடிந்து களைத்து வருகிற மனுசன், குனியப் பஞ்சிப்பட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் காலை உரசிக் கழற்றிப் போட்டமாதிரி.

முதல்நாள் கதைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. மூட்டு வலியும் போயிற்று. மிச்சம் நாலு படியையும் ஓடி ஏறினாள். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். கதவைத் தள்ளித் திறந்து, "இண்டைக்கு நேரத்தோடையே வந்திட்டியளோ?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்தும் நின்றாள்.