ஆளு மொதல்ல, மூட்டை அப்பால

நினைவு மலரில் எழுத உட்காருகிறவர் மறைந்தவரின் அன்பையும் அடக்கத்தையும் பற்றி எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. என் அக்காவிடம் அன்பு இருந்தது. அடக்கம் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தூரப் பயணத்துக்கு மூட்டை கட்டுவதில் தன்னை மிஞ்ச இந்த மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அது உண்மையாகவும் இருந்துவிட்டதால் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கா செங்கல்பட்டுக்கு அருகே, பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பத்தாவதோடு அவர் படிப்பு நின்றது. நான் பின்னால் பிறந்தவன். பட்டம் வாங்கும் வாய்ப்பும், அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் வாய்ப்பும் எனக்கே கிடைத்தன. அக்காவை நாக்பூரில் வேலை பார்த்த மாமாவுக்குக் கொடுத்தோம். முதல் பிரசவத்துக்கு வந்தவர், பெண் குழந்தையோடு திரும்பிப் போக வேண்டிய நாளில்தான் இந்தக் கட்டுரையின் கதை நடந்தது.

வடக்கே போகும் வண்டி செங்கல்பட்டில் இரண்டு நிமிடம் நிற்கும். நாங்கள் கொண்டுபோன சாமானுக்கு அரை நாள் நின்றிருக்க வேண்டும். அரிசி, புளி, அப்பளம், தொட்டில் புடவை, கடப்பாக்கத்திலிருந்து வாங்கிய கருவாடு அடைத்த பிஸ்கட் டின், இவற்றுக்கு மேல் ஓர் அம்மி. நாக்பூரில் கல் கிடைக்காது என்று அப்பா நம்பினார்.

திட்டமும் அப்பாவுடையதுதான். "சாமான ஏத்திட்டா ஆளு எப்ப வேணா ஏறிக்கலாம்" என்றார். நான் பெட்டிக்குள் நின்று வாங்கி வைத்தேன். அம்மி கதவருகே மாட்டிக்கொண்டது. அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பா, "புள்ளையப் புடிடா!" என்று கைக்குழந்தையையும் ஒரு பையைப்போல நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. அக்கா கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் போனார். அப்பா பின்னால் இழுத்துவிட்டார். அப்பா அன்று செய்த ஒரே சரியான காரியம் அது.

இப்படியாக, பதினொரு சாமான்களும் ஒரு மருமகளும் டிக்கெட் இல்லாத நானும் தாம்பரம் வந்து சேர்ந்தோம். அங்கும் வண்டி அதிகம் நிற்காது. இடக்கையில் குழந்தை. வலக்கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அக்காவும் அப்பாவும் பின்னாலேயே லோக்கல் பிடித்து வந்தார்கள். வந்ததும் அக்கா குழந்தையைப் பறித்து, தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். அழுது முடித்தார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா அது கையில?"

"கருவாடு."

"அம்மி?"

"நாக்பூருக்குப் போய்க்கினு கீது."

"டிக்கெட்டு?"

"அதுவும் அம்மிகூடத்தான்."

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, புள்ள கீது. கருவாடு கீது. வா வூட்டுக்கு."

பெட்டி எண் அவருக்கு நினைவிருந்தது. போன் பூத்திலிருந்து மாமாவுக்குச் சொன்னோம். அவர் நாக்பூர் ஸ்டேஷனுக்குப் போக, எதிர் இருக்கைக்காரர்கள் ஒன்றுவிடாமல் இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாமா பக்கத்து வீட்டு போனுக்கு அழைத்தார்: "எல்லாம் பத்திரமா வந்துட்ச்சி. குடும்பந்தான் வரல."

அன்று முதல் அக்கா மாறிவிட்டார். "ஆளு மொதல்ல, மூட்டை அப்பால" என்பது அவர் வீட்டுச் சட்டமாயிற்று. கை எத்தனையோ பை அத்தனை. கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால் பாதியை வெளியே எடுக்க வேண்டும். முதல் ராத்திரிக்குப் பொடி தடவிய இட்லி, மறுநாளுக்குப் புளிசோறு. தயிர்சோற்றை நம்பக் கூடாது. மாத்திரை, கண்ணாடி, டிக்கெட் மூன்றும் உடம்போடு ஒட்டிய துணிப்பையில். செருப்பைப் பழைய கவரில் சுற்றித் தலைமாட்டில். கருவாட்டு டின்னின் மூடியைச் சுற்றி ஈரக் கோதுமை மாவு பூசிவிட்டால் எதிர் இருக்கைக்காரர் இறங்கும்வரை நட்பாக இருப்பார். உறவில் யார் வடக்கே போனாலும் முந்தின நாள் பையை அக்காவிடம் காட்டினார்கள். நான் ஒருமுறை ஆறு புத்தகங்கள் வைத்திருந்தேன். "இத்தினியும் படிக்கப் போறியா, இல்ல விக்கப் போறியா?" என்று ஐந்தை எடுத்துவிட்டார். மீதி ஒன்றையும் நான் படிக்கவில்லை.

மாமா இளம் வயதிலேயே காலமானார். அக்கா மகளோடு செங்கல்பட்டுக்குத் திரும்பினார். இரண்டு பேர், நான்கு பைகள். கணக்கு சரியாக இருந்தது. குழந்தைகள் காப்பகமொன்றில் ஆயாவாக வேலை செய்து மகளைப் படிக்க வைத்தார். அந்தக் காலத்தில் யாரிடமும் கை நீட்டியதில்லை. கேட்டிருந்தால் என்னிடமும் அதிகம் இருந்திருக்காது.

கடைசி சில வருடங்கள் படூரில், மகளின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு காலையில் மூச்சுத் திணறியபோது நானும் அங்கிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நான் பை கட்டிக்கொண்டிருந்தேன். ஃபைல், துண்டு, பிளாஸ்க், சோப்பு டப்பா, சார்ஜர்.

அண்டை வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகும்போது அக்கா கதவருகே நிறுத்தச் சொன்னார்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"பை, அக்கா."

"நீ கட்டி முடிக்கறதுக்குள்ள வண்டி பூடும். ஆளு மொதல்ல. நீ அப்பால எத்துக்கினு வா."

மகள் மட்டும் உடன் ஏறினாள். நான் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் பின்தொடர்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவள் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். என் தோளைப் பார்த்தாள்.

"பை வேணாம் மாமா" என்றாள்.

அக்காவைக் கீழே இறக்கிக் கொண்டுவந்த அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும், வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே ஓட்டிய ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், அஸ்தி கரைக்கப் படகு கொடுத்த கடப்பாக்கத்து நண்பருக்கும், முதலாண்டு நினைவுக்காக நாக்பூரிலிருந்து வந்திருக்கும் மாமா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ரயிலில் திரும்புகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன். நீங்கள் முதலில் ஏறிக்கொள்ளுங்கள். பைகளை நான் கீழே நின்று எடுத்துக் கொடுக்கிறேன்.