வேட்டி கட்டிய கடுக்காய் மரம்

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் கடுக்காய் வியாபாரத்தைப் பதிவு செய்தபோது, ரேணுகாதேவியைப் பாதிப் பங்குக்காரியாகச் சேர்த்தது அவள் கொழுந்தன் சின்னராசுதான். பெண் பெயர் இருந்தால் லோன் சீக்கிரம் வரும் என்று ஆலங்காயத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சும்மா பேருக்குத்தான் அண்ணி. கையெழுத்து போட்டா போதும்."

அவள் காகிதத்தை முழுசாக வாசித்துவிட்டுத்தான் போட்டாள். இருவர் கையெழுத்தும் இல்லாமல் சரக்கு மலையிறங்கக் கூடாது என்று ஆறாவது வரியில் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன் வருடத்தில் பாதி நாள் கேரளத்தில் மிளகு பறிக்கப் போய்விடுவான். இருபது வருடமாகக் காட்டில் கடுக்காய் பொறுக்கியவள் அவள். விற்றதெல்லாம் ஆண்கள்.

சரக்கு வாணியம்பாடிக்குப் போனது. அங்கே ஷாஸியா என்பவள் தன் அப்பாவின் தோல் பட்டறையை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தாள். ரசாயனத்தை விட்டுவிட்டுக் கடுக்காயில் பதப்படுத்திய தோலில் பை தைப்பது அவள் திட்டம். முதல் லோடில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு போன் செய்தாள்.

"அக்கா, காயெல்லாம் பூசணம். தோல்ல திட்டு திட்டா கறுப்பு வுழுது. அடுத்த லோடும் இப்டின்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். கோச்சிக்காதீங்க."

ஷாஸியாவை விட்டால் வேறு கிராக்கி கிடையாது. அடுத்த லோடும் கெட்டால் பதிவு செய்த காகிதம் மட்டும்தான் மிஞ்சும்.

சின்னராசு உடனே வழி சொன்னான். "கெளய வெட்டி தார்ப்பாய் மேல சாய்ச்சிடலாம். மண்ணுல படாது, பனியில நனையாது. ரெண்டே நாள் வேல."

"அடுத்த வருசம்?"

"அத அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"வெட்டுன மரம் மறுபடி எப்ப காய்க்கும்னு உனுக்கு தெரியாதா? அந்த சரக்குக்கு என் கையெழுத்து வராது."

அவன் சிரித்தான். பிறகு பீரோவிலிருந்து காகிதத்தை எடுத்து வாசித்தான். சிரிப்பு நின்றது.

"இத எப்ப எழுதுனாங்க?"

"நீ எனுக்கு பேனா குடுத்த அன்னிக்கு."

மறுநாள் அவள் நான்கு பழைய புடவைகளோடு காட்டுக்குப் போனாள். மண்ணைத் தொடாமல் புதரில் சிக்கிய காயில் பூசணம் பிடிக்காததை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தார்ப்பாயை விரித்தால் மலைச்சரிவில் காய் உருண்டோடிவிடும். ஆகவே மரத்தடியில் புடவையைத் தொட்டில்போலக் கட்டிவிட்டு, மேலே ஏறிக் கிளையை உலுக்கினால் போதும். கட்டியும் முடித்தாள். ஆனால் மரமேறும் சடையன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

"பொம்பள கட்டுன சீலைக்கு அடியில ஆம்பள பூந்து போறதா? நான் மாட்டேன் தாயி."

உதவிக்கு வந்த மற்ற ஆண்களும் நகரவில்லை. ஆண் அப்படிப் போகக் கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அவசரத்தில் அவள்தான் மறந்திருந்தாள். ஒரு காலைப்பொழுது வீணானது. அவள் வாதாடவில்லை. புடவைகளை அவிழ்த்துக்கொண்டு ஊருக்குள் போனவள், சின்னராசு வீட்டுக் கொடியிலிருந்த வேட்டிகளோடு திரும்பினாள்.

"ஆம்பள கட்டுன வேட்டிக்கு அடியில போலாம்ல?"

சடையன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு பெரியவங்க ஒண்ணும் சொல்லி வெக்கலியே!"

பின்னாலேயே சின்னராசு ஓடி வந்தான். "அண்ணி, அது என் கல்யாண வேட்டி!"

"பாதிப் பங்கு உனுக்கும் இருக்குதில்ல?"

எல்லாரும் சிரித்ததில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேட்டி கட்டியானது. ஆனால் காய் குவியக் குவிய வேட்டி தொய்ந்து தரையைத் தொட்டது. சின்னராசு குனிந்து தொய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து, தன் கல்யாண வேட்டியின் நடுவில் தானே ஓட்டை போட்டு, அடியில் ஒரு கூடையை வைத்தான். விழுந்த காய் வேட்டியில் தங்காமல் உருண்டு நேராகக் கூடைக்குள் போனது.

"இது எனுக்கு தோணல பாரு" என்றாள் ரேணுகாதேவி.

"கட்டிக்கினு திரிஞ்சவனுக்குத் தானே தெரியும், எங்க கிழியும்னு."

இரண்டு நாள் வேலை பதினோரு நாள் ஆனது. ஒரு கிளைகூட ஒடியவில்லை. ஷாஸியா தானே ஜீப்பில் மேலே வந்தாள். மூட்டைக்கு ஒன்றாகக் காய் எடுத்து உடைத்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தமான மஞ்சள். கடைசி மூட்டையில் ஐந்தாறு காயை உடைத்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

"வருசா வருசம் இதே மாதிரி தர முடியுமாக்கா?"

"மரம் முழுசா நிக்குது. முடியும்."

ஷாஸியா பையிலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். சின்னராசு வாங்கினான். கறை ஏறிய வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவையும் சேர்த்து அண்ணியிடம் கொடுத்தான்.

"மொதல்ல நீங்க வாசிங்க அண்ணி. ஆறாவது வரியில இன்னா இருக்குதுன்னு சொல்லுங்க."

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். ரேணுகாதேவி ஒரு மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.